வெயிலில் காயவைத்த பேட்டரிக் கட்டைகள்

என் வீட்டுக்காரர் முதல் தடவை மயங்கி விழுந்தது வாடிப்பட்டி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில். கையில் டீ கிளாஸ் இருந்தது. சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை முடிக்காமலேயே சரிந்தார் என்று கண்டக்டர் சேகர் சொன்னார். தண்ணீர் தெளிப்பதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டாராம். டீ கொட்டிப்போச்சே என்றுதான் முதலில் சொன்னாராம்.

அவர் பெயர் முத்துப்பாண்டி. வாடிப்பட்டிக்கும் மதுரை சிம்மக்கல்லுக்கும் நடுவே ஓடும் தனியார் பஸ்ஸில் டிரைவர். நான் செல்வராணி, வீட்டில் மிஷின் போட்டு ரவிக்கை தைப்பவள். இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பொடிந்த தகுதிதான். காரணம் தெரியாமல் மயங்கி விழும் ஒருவர் உங்கள் வீட்டிலும் இருந்தால் இதைக் கடைசி வரை படியுங்கள். கோபமாகத்தான் எழுதுவேன். கோபத்தை எடுத்துவிட்டால் இதில் சொல்ல அதிகம் மிஞ்சாது.

பித்தம் என்றார்கள். நார்த்தங்காய் ஊறுகாயும் இஞ்சிச் சாறும் கொடுத்தோம். எஞ்சின் சூடு என்றார்கள். தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்கச் சொன்னோம். அப்படிக் குளித்துவிட்டு வந்து துண்டை உதறும்போது இரண்டாவது தடவை விழுந்தார். இந்தத் தடவை நான் பக்கத்தில் இருந்தேன்.

முகம் வெளுத்து, உதடு சாம்பல் பூத்திருந்தது. கண் திறந்தபடியே இருந்தது. நெஞ்சில் காதை வைத்தேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஓர் அடி கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அவர் கண்ணைச் சிமிட்டி, "என்ன ராணி, ஏன் மேல விழுந்து கெடக்க?" என்றார்.

இதயம் நின்றுவிட்டுத் திரும்ப ஓடியது என்று நான் சொன்னால் யார் நம்புவார்கள்? பயத்தில் உனக்குக் கேட்கவில்லை என்றார்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

கே.கே. நகரில் இதய டாக்டர் ஒருவரிடம் போனோம். ஈசிஜி (இதயத்தில் ஓடும் மின்துடிப்பைத் தாளில் வரைந்து காட்டும் சோதனை) எடுத்தார். எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தின் அசைவைப் பார்ப்பது) எடுத்தார். இரண்டிலும் கோளாறு இல்லை. ஆனால் அவர் எங்களை அப்படியே அனுப்பிவிடவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"இங்க வரும்போது ஒழுங்கா துடிச்சுட்டு வீட்டுக்குப் போனதும் சேட்டை பண்ற இதயம் உண்டும்மா. ஒரு நாள் முழுக்கக் கூடவே இருந்து பாத்தாத்தான் பிடிக்க முடியும்," என்று சொல்லி ஹோல்டர் (மார்பில் ஒயர்களை ஒட்டி, இடுப்பில் ஒரு சிறு பெட்டியைக் கட்டி, ஒரு பகலும் ஒரு இரவும் துடிப்பைப் பதிவு செய்யும் சோதனை) எழுதிக் கொடுத்தார்.

அதே தெருவில் இருந்த ஸ்கேன் சென்டரில் அந்தப் பெட்டி இருந்தது. லதா என்ற பெண் என் வீட்டுக்காரரின் மார்பு முடியை மழித்து ஒயர்களை ஒட்டினாள். என் வயதுதான் இருக்கும், சாந்தமான பேச்சு. பெட்டியில் பச்சையாக ஒரு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும், மயக்கம் வருகிற மாதிரி இருந்தால் இந்தப் பொத்தானை அமுக்கணும், மற்றபடி திறக்கக் கூடாது, திறந்தால் பதிவானது அத்தனையும் அழிந்துபோகும் என்று சொல்லி அனுப்பினாள்.

சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் பார்த்தேன், பெட்டியின் பச்சை விளக்கு மினுக்கவில்லை. தட்டிப் பார்த்தேன். அசைத்துப் பார்த்தேன். செல்போன் எல்லார் கையிலும் வராத காலம் அது. தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடிப்போய் சென்டருக்குப் போன் போட்டேன்.

"அது அப்பப்ப அப்படித்தான் இருக்கும்க்கா. கழட்டிராதீங்க, அப்படியே காலைல கூட்டிட்டு வாங்க," என்றாள் லதா.

மறுநாள் காலை கிளம்பும்போது, செருப்பு மாட்டக் குனிந்தவர் அப்படியே வாசலில் விழுந்தார். நான் பாய்ந்து அந்தப் பொத்தானை அமுக்கினேன், திரும்பத் திரும்ப அமுக்கினேன். செத்த பெட்டி. எதைப் பிடிக்க அவர் உடம்பில் அதைக் கட்டினார்களோ, அது வந்து போயே விட்டது. இடுப்பில் கல்லைக் கட்டியிருந்தாலும் அவ்வளவுதான் பிரயோஜனம்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். "எல்லாம் நார்மல்மா. வேலைக்குப் போகலாம். டென்ஷன் இல்லாம இருக்கச் சொல்லுங்க."

"சார், சாயங்காலமே பெட்டி அணைஞ்சு போச்சு. அணைஞ்ச பெறகுதான் விழுந்தாரு."

"பதிவான வரைக்கும் நார்மல்தானம்மா."

"பதிவாகாத நேரத்துக்கு யாரு சார் பொறுப்பு?"

அவர் அடுத்த நோயாளிக்கு மணி அடித்தார். மரியாதையான மனிதர்தான், குரலை உயர்த்தவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தை எங்கள் வீட்டுக்குள் வந்து என்ன செய்யும் என்று அவர் யோசிக்கவில்லை. நார்மல் என்று எழுதிய தாளோடு அவர் அனுப்பி வைத்தது ஒரு பஸ் டிரைவரை.

பஸ் முதலாளிக்கு அந்தத் தாளே போதும். "டாக்டரே சொல்லிட்டாருல்ல, நாளைக்கு வண்டிய எடுத்துருப்பா," என்றார். இவருக்கும் அதுதான் ஆசை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது அவருக்கு விழுவதைவிடக் கேவலமாக இருந்தது.

"அம்புட்டு படிச்சவரு நார்மல்ங்குறாரு. நீ ரவிக்கை தைக்கிறவ. சும்மா கெட."

"நெஞ்சுல காது வச்சது அவரா, நானா?"

"காலைல வண்டிக்குப் போறேன். அம்புட்டுத்தான்."

அன்று ராத்திரி அவருடைய காக்கிச் சட்டை இரண்டையும் எடுத்தேன். மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து, கைகளை உடம்போடு சேர்த்த தையலைப் பிரித்தேன். காலரையும் பிரித்தேன். நூலைப் பிடித்து இழுத்தால் தையல் சரசரவென்று வரும், எனக்குப் பழகின வேலை. காலையில் அவர் வந்து பார்த்தபோது கட்டிலில் துணித் துண்டுகள் கிடந்தன. என்னை ஏசிய ஏச்சு தெருவுக்கே கேட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள், டிரைவர் பொண்டாட்டிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும். காக்கி இல்லாமல் வண்டியில் ஏறினால் போலீஸ் பிடிக்கும் என்பதால் அன்று அவர் போகவில்லை. தெரிந்தவர் சட்டையைக் கடன் வாங்குவதற்குள் நான் டாக்டரிடம் இன்னொரு தடவை ஹோல்டர் எழுதி வாங்கி வந்துவிட்டேன்.

இரண்டாவது தடவை கட்டிய பெட்டி பொழுது சாய்வதற்கு முன்பே அணைந்தது.

மறுநாள் பெட்டியைக் கழற்றிக்கொண்டு நானே சென்டருக்குப் போனேன். லதா உள்ளே யாருக்கோ ஒயர் ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் பின்பக்க ஜன்னல் ஓரமாக நின்றேன். ஜன்னல் திட்டில் நல்ல வெயில். பழைய பேப்பர் ஒன்றை விரித்து, அதன்மேல் பேட்டரிக் கட்டைகளை வரிசையாகக் காயப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் லதாவின் கழுவிய டிபன் பாக்ஸ் கவிழ்த்து வைத்திருந்தது.

எனக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இது நம் ஊரில் எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம். டார்ச் மங்கினால், டிரான்சிஸ்டர் இழுத்து இழுத்துப் பாடினால், கட்டையைக் கழற்றி வெயிலில் வைப்போம். சூடேறியதும் அதில் மிச்சம் இருப்பது கொஞ்சம் கிளம்பும். இரண்டு பாட்டு கேட்கலாம், கிணற்றடி வரை போய்வரலாம். அதற்குப் பிறகு சுத்தமாகப் போய்விடும். டார்ச்சுக்கு அது சரி. மனிதனின் நெஞ்சில் கட்டுகிற பெட்டிக்கு?

லதா வந்து நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள். அவள் ஒளிக்கவில்லை, அதுதான் என்னை இன்னும் கோபப்படுத்தியது.

"டார்ச்ல போட்டுப் பாத்து, நல்லா எரிஞ்சாத்தான் போடுவேன்க்கா," என்றாள்.

"டார்ச்சு எரியுறது செத்த நேரம். இது விடிய விடிய ஓடணுமேம்மா."

"ஓனரு எப்பவாவதுதான் புதுக் கட்டை வாங்கித் தருவாரு. கேட்டா, இருக்குறத வச்சு ஓட்டுங்கறாரு. நான் என்ன செய்ய?"

"நின்னுபோன பெட்டிய வச்சுக்கிட்டு நார்மல்னு எப்படிம்மா கொடுத்தீங்க?"

"பதிவானத கம்ப்யூட்டர் படிச்சுச் சொல்லும்க்கா. பதிவாகாதத அது எப்படிச் சொல்லும்?"

அவள்மேல் பாய்ந்து என்ன ஆகப்போகிறது? ஏசி அறையில் உட்கார்ந்திருந்த ஓனரிடம் போனேன். கட்டைகளைப் பேப்பரோடு அள்ளிக்கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன். அவர் முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஃபாரின் மிஷின்மா அது. மதுரைல எத்தனை பேருகிட்ட இருக்குன்னு விசாரிச்சுப் பாருங்க. ஒரு கட்டை விசயத்துக்கு ஏன் இம்புட்டு சத்தம் போடுறீங்க?"

"மிஷின் ஃபாரின்தான் சார். கட்டை உங்க ஜன்னல்ல காஞ்சது. எங்க வீட்டுக்காரரு டிரைவரு. நீங்க கொடுத்த தாளை நம்பி வண்டிய எடுத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோட கவுந்தா, அப்பவும் கட்டை விசயம்னுதான் சொல்வீங்களா?"

வெளியே காத்திருந்தவர்கள் எழுந்து வந்து கதவருகே நின்றார்கள். அதில் ஒரு பெரியவர் தன் சட்டையைத் தூக்கித் தன் இடுப்புப் பெட்டியைக் குனிந்து பார்த்தார். ஓனர் அதைப் பார்த்ததும், கடைக்கு ஆள் அனுப்பிப் புதுக் கட்டை வாங்கி வரச் சொன்னார். என் கண் முன்னால் உறையைக் கிழித்துப் போட வைத்தேன்.

மூன்றாவது தடவை அந்த விளக்கு ராத்திரி முழுக்க மினுக்கியது. காலையில் அவர் தரையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் ரவிக்கைக்குக் கொக்கி மாட்டும் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். பேப்பர் மடங்குகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்தால், அவர் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தார். பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. பொத்தானை அமுக்கினேன், கீச்சென்று ஒரு சத்தம் வந்தது.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கட்டின புருஷன் பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிறார், எனக்கு அந்த நேரத்தில் சந்தோஷமாக இருந்தது. பிடித்துவிட்டோம் என்று வாய்விட்டுச் சொன்னேன். அவர் கண் விழித்து, "எதைப் பிடிச்ச?" என்றார். அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

டாக்டர் இந்தத் தடவை மணி அடிக்கவில்லை. காகிதத்தில் துடிப்புகள் வரிசையாக மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தன. ஓர் இடத்தில் எல்லாம் நின்று, வெறும் கோடு ஓடியது. நீளமான கோடு. அதன் பிறகு ஒரு துடிப்பு. ஹார்ட் பிளாக் (இதயத்தின் மேல் அறையிலிருந்து கீழ் அறைக்கு மின்துடிப்பு போகிற வழி அடைபடுவது) என்றார். இது வந்து வந்து போகிற வகை, அதனால்தான் மற்ற சோதனைகளில் தெரியவில்லை என்றார்.

கோட்டுக்குக் கீழே மணி போட்டிருந்தது. என் வீட்டுக்காரர் அதை எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அன்றுவரை என்னோடு சண்டை போட்டவர் மெதுவாகச் சொன்னார்.

"சார், காலைல இந்த நேரத்துல என் வண்டி வைகைப் பாலத்து மேல இருக்கும். ஆபீஸ் போறவக, காலேஜ் பிள்ளைக... நிக்க எடமிருக்காது."

பிறகு டாக்டர், "முதல் ரிப்போர்ட்ட நான் இன்னும் கவனமா பாத்திருக்கணும்," என்றார். பெரிய வார்த்தைதான். ஆனால் பாலத்தின் மேல் ஏதாவது ஆகியிருந்தால் அந்த வார்த்தையை யாரிடம் போய்ச் சொல்லியிருப்பார்?

பேஸ்மேக்கர் (இதயம் துடிக்கத் தவறும்போது மின்துடிப்பு கொடுக்கும் சிறு கருவி) வைத்தார்கள். இடது தோள் எலும்புக்குக் கீழே தோலைக் கீறி உள்ளே வைத்து, ஒயரை ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் விடுகிறார்கள். மரத்துப்போக ஊசி போடுவார்கள். நினைவு இருக்கும், பயப்பட வேண்டாம். சில வாரங்களுக்கு அந்தக் கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. காயம் ஆறும்வரை முன்பக்கம் முழுக்கத் திறக்கிற சட்டையாகப் போடுங்கள், தலை வழியாக மாட்டுகிற பனியன் வேண்டாம். இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

உள்ளே இருக்கிற பேட்டரி எத்தனை நாளைக்கு வரும் என்றுதான் நான் முதலில் கேட்டேன். டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. நாள் கணக்கு இல்லையம்மா, வருஷக் கணக்கு என்றார். அந்தக் கருவி இதயத்தைக் கவனித்துக்கொண்டே இருக்குமாம். இதயம் தானாகத் துடித்தால் இது கை கட்டிச் சும்மா இருக்கும். தவறினால் மட்டும் ஒரு துடிப்பு கொடுக்கும். தேவைக்கு மட்டும் செலவழிப்பதால்தான் அவ்வளவு சின்னக் கட்டை அவ்வளவு காலம் வருகிறது. ஊருக்குள் இப்படி ஒரு அறிவு இருக்கும்போதுதான் அதே தெருவில் ஜன்னலில் கட்டை காய்ந்திருக்கிறது. நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை.

அவர் காயத்துத் தையலைப் பிரித்த பிறகு ஒரு நாள் சென்டர் பக்கம் போனேன். ஜன்னல் திட்டு காலியாக இருந்தது. லதா பெருமையாகச் சொன்னாள், இப்போது ஆளுக்கொரு தடவை புதுக் கட்டைதானாம். பழையது எங்கே என்றேன். பின்பக்கம் ஒரு சாக்கைக் காட்டினாள். பாதி சாக்குக்கு மேல் கட்டைகள். ஒரே ஒரு நாள் ஓடியவை, பாதிச் சத்து உள்ளேயே இருப்பவை. குப்பைக்காரர் அள்ளிக்கொண்டுபோய் ஆற்றங்கரையில் கொட்டுகிறாராம். வைகையில் தண்ணீர்தான் வருவதில்லை, இதாவது வரட்டும் என்று விட்டுவிட்டார்கள் போல.

முன்பு சாகும்வரை பிழிந்தார்கள், இப்போது உயிரோடு எறிகிறார்கள். நடுவில் ஒரு வழியே கிடையாதா என்று வாடிப்பட்டியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் என் தம்பி கணேசனிடம் புலம்பினேன்.

"ஏன்க்கா, கல்யாண வீட்டுக்கு நான் ஃபிளாஷுக்குப் போடுறது சார்ஜ் ஏத்துற கட்டைதான். திரும்பத் திரும்ப ஏத்திக்கலாம். அந்தப் பெட்டிக்குச் சேருமான்னு மட்டும் கேட்டுக்க," என்றான்.

டாக்டரிடம் கேட்டேன். அவர் பெட்டிக் கம்பெனியிடம் விசாரித்து, போடலாம் என்றார். அடிக்கடி கரண்ட் போகிறது, எப்படிச் சார்ஜ் ஏற்றுவது என்றார் ஓனர். கம்ப்யூட்டருக்கு இன்வெர்ட்டர் ஓடுகிறதே, அதில் இதையும் சொருகினால் குறைந்தா போகும் என்று டாக்டரே கேட்டதும் ஒத்துக்கொண்டார். கணேசன் ஒரு சார்ஜரும் கட்டைகளும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தான்.

அடுத்து ஒரு சங்கடம் வந்தது. சார்ஜ் ஏறிய கட்டையும் இறங்கிய கட்டையும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். லதா பழக்கதோஷத்தில் டார்ச்சைத் தேடினாள். நான் மிஷின் பெட்டியிலிருந்து இரண்டு நூல்கண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏறியதைச் சேர்த்துக் கட்டப் பச்சை நூல், இறங்கியதற்குச் சிவப்பு நூல். நோயாளி பார்க்கப் பச்சை நூலைக் கத்தரித்துத்தான் பெட்டியில் போட வேண்டும். தைக்கக் கொடுத்த துணி மாறிப்போகாமல் நான் செய்வது அதுதான். அந்தக் கட்டைகளும் ஒருநாள் கிழடாகி ஏற்றுவதைப் பிடிக்காமல் போகும். அவற்றை எங்கே கொடுப்பது என்று இன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. லதா அவற்றை ஒரு டின்னில் போட்டு வைத்திருக்கிறாள். ஆற்றுக்குப் போகவில்லை, இப்போதைக்கு அவ்வளவுதான்.

இவர் இனி பஸ் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. முதலாளியிடம் சேகர்தான் போய் நின்றார், வாடிப்பட்டி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் வேலை கிடைத்தது. வண்டி வருகிற நேரம், கிளம்புகிற நேரம் பார்த்து விசில் ஊதுகிற வேலை. நான் பிரித்துப்போட்ட காக்கித் துண்டுகளை எடுத்து மறுபடி சட்டையாகத் தைத்தேன். கருவி இருக்கும் இடம் தீப்பெட்டி அளவுக்குப் புடைத்திருப்பதால் இடது பக்கம் கொஞ்சம் தளர்த்தி வைத்தேன்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போய்க் காட்டுகிறோம். நெஞ்சின் மேல் வட்டமான ஒரு கருவியைப் பிடித்தால் உள்ளே எவ்வளவு பேட்டரி மிச்சம் என்று திரையில் வருகிறது. "என் ஆயுசு எம்புட்டுன்னு தெரியல, கட்டை ஆயுசு தெரிஞ்சுபோச்சு," என்று அவர் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். நான் சிரிப்பதில்லை. மகளுக்குக் கல்யாணம், வீட்டுக்கு ஓடு மாற்றுவது என்று எதைப் பேசினாலும், அது கட்டை மாற்றுவதற்கு முன்னாலா பின்னாலா என்றுதான் என் மனசு கணக்குப் போடுகிறது.

உங்கள் வீட்டு ஆளுக்கு நாளைக்கு ஒரு பெட்டியைக் கட்டுவார்கள். கட்டுகிறவரிடம் கேளுங்கள், இதில் என்ன கட்டை போட்டீர்கள், எப்போது போட்டீர்கள் என்று. முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். நார்மல் என்று தாள் கொடுத்தால், எவ்வளவு நேரத்துக்கு நார்மல் என்று கேளுங்கள்.

அவருடைய பழைய வண்டியை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார். காலையில் வாடிப்பட்டியில் விசில் ஊதி அதை அனுப்பிவிட்டு, வாட்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். பாலத்துக்குப் போய்ச் சேருகிற நேரம் வந்ததும் கை தானாகத் தோளுக்குக் கீழே அந்தப் புடைப்புக்குப் போகுமாம். சேகர்தான் சொன்னார். வீட்டில் நானும் அதே நேரத்தில் மிஷினை நிறுத்திவிடுகிறேன் என்று நான் சேகரிடம் சொல்லவில்லை. பஸ் பாலத்தைத் தாண்டியிருக்கும் என்று தோன்றிய பிறகுதான் காலை மிதியில் வைக்கிறேன்.